குனிந்தவரும் ஏற்றிவைத்தவரும்

சிங்கப்பூரின் பூன் லே எம்ஆர்டி நிலையத்துக்குள் வழிகாட்டி நாயைத் தவிர வேறு நாய்க்கு அனுமதியில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் நாய்ப்படம் எடுத்துப் பிழைப்பவர், நாய் தன்னைத் தேடி வரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு அவர்தான் போகவேண்டும். போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறை, இல்லாவிட்டால் புளோக்கின் கீழ்த்தளம், அதுவும் இல்லாவிட்டால் ஜூரோங் சென்ட்ரல் பூங்கா. கையில் இருப்பது ஒரு மணி நேரம். எதிரே இருப்பது அவரை அதுவரை பார்த்திராத ஓர் உயிர். கூலி கொடுப்பவர் அதன் உரிமையாளர். படத்துக்கு வரச் சம்மதித்தவரும் அவர்தான். நாயை யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது என்று இளையவர்கள் கேட்கும்போது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அவர்களை முதலில் இரண்டு பேரின் படங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் எலியட் எர்விட். இன்னொருவர் வில்லியம் வெக்மன். இருபதாம் நூற்றாண்டில் நாயைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர்களில் இவர்களுக்கு இணையாக வைக்க எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. ஆனால் இருவரும் நடந்த வழி நேர் எதிர். எந்த வழியை முதலில் நடப்பது என்பதில்தான் நம் ஆட்கள் பலர் தடுமாறுகிறார்கள்.

எர்விட் 1928இல் பாரிசில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயது மிலானில் கழிந்தது. 1939இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. 1953இல் மேக்னம் புகைப்பட நிறுவனத்தில் சேர்ந்து உலகெங்கும் சுற்றியவர். 2023 நவம்பரில் 95 வயதில் இறந்தார். நாய் அவருக்குத் தொழில் இல்லை. அரசியல் தலைவர்கள், விளம்பரங்கள், பத்திரிகை வேலைகள் என்று போகும் வழியில் நாய் எதிர்ப்பட்டால் எடுத்தார். பல்லாண்டுகளாக அப்படிச் சேர்ந்த படங்கள் 1974இலும் 1998இலும் தனித்தனி நூல்களாக வந்தன. அவர் எடுத்த நாய்களில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு தெருமுனை, ஒரு நொடி, ஒரு நாய். பிறகு அவர் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

வெக்மன் 1943இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக்கில் பிறந்தார். ஓவியம் படித்தவர். 1970இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இருந்தபோது வெய்மரானர் இனக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. மேன் ரே என்ற கலைஞரின் பெயரையே அதற்கு வைத்தார். வேலை செய்யும் இடத்தில் அதை ஒதுக்கிவைத்தபோது அது அமைதியாக இருக்க மறுத்ததால்தான் படத்துக்குள் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1982இல் அது சாகும்வரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் அந்த ஒரே நாய். பிறகு சில ஆண்டு இடைவெளி. 1986இல் ஃபே ரே வந்தது. 1989இல் அது குட்டி போட்டது. அந்தக் குட்டிகளும் அவற்றின் வழிவந்தவையும் அவர் படங்களில் தொடர்ந்தன. எர்விட் ஆயிரம் நாய்களை ஒருமுறை பார்த்தார் என்றால், வெக்மன் ஒரு நாயை ஆயிரம் முறை பார்த்தார்.

இருவரையும் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் கேமராவின் உயரம். எர்விட் 1946இல் நியூயார்க்கில் எடுத்த படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு சிவாவா நாய், அதன் அருகில் ஒரு பெண்ணின் கால்கள். பெண்ணின் முகம் இல்லை. 1974இல் பெண்களுக்கான பூட்ஸ் விளம்பர வேலை ஒன்றின்போது எடுத்த படமும் அதே உயரம்தான். தொப்பி போட்ட சிவாவா, ஒரு பெண்ணின் பூட்ஸ், அதன் பக்கத்தில் ஒரு கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள். மூன்று ஜோடிக் கால்களில் நாயின் கால்கள் எவை என்று கண் ஒரு கணம் தேடும். அந்தத் தேடல் நடப்பதற்குக் காரணம், எர்விட் தரையோடு தரையாகக் குனிந்து சட்டகத்தின் மேல் விளிம்பை முழங்கால் அளவில் வெட்டியதுதான். நிமிர்ந்து நின்று எடுத்திருந்தால் அது பூங்காவில் ஒரு பெண்ணும் இரண்டு நாய்களும் நிற்கும் சாதாரணப் படம்.

வெக்மன் குனியவில்லை. நாயை மேலே ஏற்றினார். 1979இல் பொலராய்ட் நிறுவனம் தன் பெரிய கேமராவைப் பயன்படுத்திப் பார்க்க அவரை அழைத்தது. அது சுமார் 51 செ.மீ. அகலமும் 61 செ.மீ. உயரமும் கொண்ட உடனடிப் படம் தரும் கேமரா. எடை 100 கிலோவுக்கு மேல். அதைத் தரையோடு இறக்கி வைப்பது ஆகாத காரியம். ஸ்டூல், பெட்டி, பீடம் என்று எதையாவது போட்டு நாயை அதன் மேல் உட்கார வைத்தார். ஃபே ரேவுக்கு அந்த உயரம் பிடித்துப்போனது. உயரத்தில் நிற்கும் நாய் அங்குமிங்கும் ஓடாது. கால் எங்கே வைப்பது என்பதில் கவனம் போவதால் உடம்பில் ஒரு நிதானம் வரும். பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே அதன் கண் வரும்போது அது மனிதரைப் போன்ற ஒரு கனத்தையும் பெற்றுவிடுகிறது. பின்னாளில் உடைகள் போட்டு எடுத்த கதைப் படங்கள் எல்லாம் இந்த உயரத்திலிருந்து பிறந்தவைதான்.

இதைப் பூன் லேக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். வெக்மனின் வெய்மரானருக்கு இங்கே இடமில்லை. எர்விட்டின் 1974 படத்தில் இருக்கும் இரண்டு நாய்களில் சிவாவா மட்டும்தான் மின்தூக்கி ஏற முடியும். ஆக, நாம் எடுக்கப்போவது டாய் பூடில், ஷீ சூ, மால்டீஸ், பொமரேனியன் போன்ற கணுக்கால் உயர நாய்கள். அவற்றை நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் தலையும்தான் தெரியும். ஆகவே எல்லாரும் குனிகிறார்கள், குனியவும் வேண்டும். ஆனால் வரவேற்பறையில் குனிந்தால் பின்னணியில் என்ன வரும்? மேசைக் கால், விசிறி வயர், செருப்பு அடுக்கு, சோபாவுக்கு அடியில் உருண்டுபோன பொம்மை. எர்விட்டின் தெருவில் தரைமட்டம் காலியாக இருந்தது. நம் வரவேற்பறையில் தரைமட்டம்தான் இருப்பதிலேயே நெருக்கடியான இடம்.

இந்த இடத்தில் வெக்மன் கைகொடுக்கிறார். நாயைச் சோபாவிலோ அகலமான ஸ்டூலிலோ ஏற்றி, பின்னால் வெற்றுச் சுவர் வரும்படி திருப்பினால் அறையின் முக்கால்வாசிக் குப்பை படத்திலிருந்து மறைந்துவிடும். ஒப்பனைக்காரரிடம் மேசையில் நின்று முடி வெட்டிக்கொண்டு பழகிய பூடில்களுக்கு உயரம் புதிதில்லை. ஸ்டூலின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும், பக்கத்தில் உரிமையாளரின் கையும் வேண்டும். பளிங்குத் தரையில் நிற்கும் நாய்க்கும் அதே விரிப்பு உதவும். கால் வழுக்கும் நாயின் தோள் இறுகிவிடும். தோள் இறுகினால் முகம் இறுகும். பலர் நாய்க்கு மனநிலை சரியில்லை என்று நினைப்பது பாதிநேரம் டைல்ஸின் வேலை.

குரலிலும் இருவரும் வேறு. எர்விட் நாய்களைப் பார்த்துக் குரைப்பார். பாரிசில் 1989இல், தரையிலிருந்து நான்கு காலும் எழும்பிய ஒரு சிறு நாயின் படம் அப்படிக் கிடைத்தது. அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதைப் பழகச் சொல்லமாட்டேன். திடுக்கிட வைப்பது ஒருமுறைதான் பலிக்கும். இரண்டாம் முறை நாய் உங்களைத் தெரிந்துகொண்டுவிடும். மூன்றாம் முறை உங்களை வெறுக்கும். எர்விட்டுக்கு ஒருமுறை போதும், ஏனென்றால் அந்த நாயை அவர் மீண்டும் பார்க்கப் போவதில்லை. நமக்கு இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருக்கும். அடுக்குமாடி வீட்டில் ஒரு குரைப்பு மேலும் கீழும் உள்ள நாய்களையெல்லாம் எழுப்பிவிடும், அக்கம்பக்கத்தார் புகார் செய்தால் அவதிப்படுவது உரிமையாளர். கீச்சுப் பொம்மையும் அப்படித்தான். பையிலேயே வைத்திருந்து, எல்லாம் அமைந்த பிறகு ஒரே ஒருமுறை அழுத்தவேண்டும். வந்தவுடன் எடுத்துக் கீச்சுக் கீச்சென்று அழுத்துபவர் தன் கடைசி ஆயுதத்தை வாசலிலேயே வீணாக்குகிறார்.

வெக்மனின் நாய்களுக்குத் தூண்டுதல் தேவைப்படவில்லை. வேலையே அவற்றுக்குப் பிடித்த நேரமாகிவிட்டது. இந்த நிலைக்கு ஒரு மணி நேரத்தில் யாரும் வர முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்பதைக் கற்க, ஒரே நாயோடு நெடுநாள் இருப்பதை விட்டால் வழியில்லை. எதிரில் எதுவும் இல்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது: இவையெல்லாம் நாய் சங்கடப்படுவதன் அடையாளங்கள். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் போன்றவர்கள் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார்கள். படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் லென்ஸ் வழியே பார்க்கும்போது கால் நொடியில் அடையாளம் காண, தெரிந்த நாயின் முகத்தில் அதைப் பலமுறை பார்த்திருக்கவேண்டும்.

நம் ஊர் வெயிலில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வாய் திறந்து நாக்கு தொங்கினால் நாய் சிரிக்கிறது என்று உரிமையாளர் மகிழ்வார். உலகெங்கும் வாடிக்கையாளர் கேட்பது அந்தச் சிரிப்பைத்தான். சிங்கப்பூரில் காலை ஒன்பதரை மணிக்குமேல் அது பெரும்பாலும் சூடு. நாக்கின் நுனி அகன்று விரிந்து, கண் சுருங்கி, கடைவாய் பின்னுக்கு இழுபட்டிருந்தால் படம் போதும்; நிழலும் தண்ணீரும் கொடுக்கவேண்டும். குட்டை மூக்கு ஷீ சூவுக்கு இது இன்னும் அவசரம். அந்த முகத்தைச் சிரிப்பென்று எடுத்து விற்பது எனக்குத் தவறாகப் படுகிறது, வாடிக்கையாளருக்குப் பிடித்திருந்தாலும்.

வெளிச்சத்துக்கு வருவோம். எர்விட்டின் நாய்ப்படங்களில் புகழ்பெற்றவை கறுப்பு வெள்ளை. கிடைத்த வெளிச்சத்தில் எடுத்தவை. வெக்மன் ஸ்டூடியோ விளக்குகளும் வண்ணத் திரைகளும் வைத்துக்கொண்டவர். அவருக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது, அதை யாரும் கவனிப்பதில்லை. வெய்மரானரின் நிறம் சாம்பல். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் முயலும். வெக்மனின் நாய் பிறப்பிலேயே அதற்கு அருகில் இருந்தது. எந்த வண்ணத் திரைக்கு முன்னால் நிறுத்தினாலும் அந்த வண்ணத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. நமக்கு அப்படி வாய்ப்பதில்லை. வெள்ளை மால்டீஸை ஒளிமானி சொல்படி எடுத்தால் அழுக்கேறிய துண்டு போலிருக்கும். ஒளியளவை ஒரு படி கூட்டவேண்டும், ஆனால் மதிய வெயிலில் கூட்டினால் முடியின் இழை மறைந்துபோகும். நம் வெள்ளை இராஜபாளையம் நாயை எடுத்தவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும். கறுப்பு நாய்க்குக் கணக்கு தலைகீழ். ஒளிமானி அதைச் சாம்பலாக்கிப் பின்னணியை வெளுத்துவிடும். அளவைக் குறைத்து, பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியில் முடியின் மினுமினுப்பைப் பிடித்தால்தான் உடம்புக்கு உருவம் வரும்.

அதற்குப் புளோக்கின் கீழ்த்தளத்தை விட நல்ல இடம் நான் இந்தத் தீவில் பார்த்ததில்லை. மேலே கூரை, பக்கங்கள் திறந்தவை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் சூரியன் பகலில் பெரும்பொழுதும் தலைக்கு மேல் நிற்பதால் திறந்தவெளியில் நாயின் கண் குழி இருண்டுபோகும். கீழ்த்தளத்தில் வெளிச்சம் கிடையாக வந்து கண்ணில் விழும். தூணிலிருந்து ஓரடி ஈரடி உள்ளே நாயை வைத்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பினால் இரண்டு கண்ணிலும் வானத்தின் ஒரு சதுரம் தெரியும். கழுத்துவாரைக் கழற்றச் சொல்லாதீர்கள். பொது இடத்தில் வார் கட்டாயம். வாரோடு எடுத்து, அதே இடத்தில் நாய் இல்லாமல் இன்னொரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு கணினியில் வாரை அழிப்பது எளிது. குளிரூட்டிய வீட்டிலிருந்து இறங்கியவுடன் லென்ஸில் ஆவி படியும் என்பதால் கேமராவைப் பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகே எடுக்கவேண்டும்.

கருவி பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. சோனி 2019இல் விலங்கின் கண்ணைத் தேடிக் குவியும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஓடும் நாயை 1/1000 வினாடியில் எடுக்கும்போது அது பெரிய உதவி. கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் இருந்தாலும், ஷீ சூவின் முடி கண்ணை மூடியிருந்தாலும் அது தடுமாறும். நீண்ட மூக்குள்ள நாயை எஃப் 1.8இல் நெருங்கி எடுத்தால் கண் தெளிவாக, மூக்கு கரைந்துபோகும். எஃப் 4க்கு மேல் போகவேண்டும். தட்டை முகத்துக்கு அந்தக் கவலை குறைவு.

இதுவரை சொன்னவற்றில் வெக்மன் பக்கம் நான் சாய்வது தெரிந்திருக்கும். காரணம் உண்டு. நம் இளையவர்கள் எர்விட்டின் வழியில் தொடங்குகிறார்கள். பூங்காவுக்குப் போய்க் கண்ணில் படும் நாயையெல்லாம் எடுத்து, ஆயிரத்தில் நன்றாக வந்த பத்தைக் காட்டுகிறார்கள். எர்விட்டுக்கு அது பொருந்தியது. அவர் தேடியது தெருவில் நடக்கும் ஒரு தற்செயலை. மனித வாழ்க்கையின் விநோதத்தைச் சொல்ல நாய் அவருக்கு ஒரு சாட்சி. ஆனால் பூன் லேயில் கதவைத் திறக்கும் அக்கா கேட்பது தற்செயலை அல்ல. “எங்க பிரவுனி இப்படித்தான் தலைய சாய்ச்சிப் பாக்கும், அத எடுத்துக் குடுங்க” என்கிறார். அந்த ஒரு தலைச்சாய்வை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டிய வேலை இது. ஆயிரம் நாய்களை ஒருமுறை பார்த்தவருக்கு அது பிடிபடுவது அரிது. பக்கத்து வீட்டு நாய் ஒன்றை, ஒரே இருக்கையில், ஒரே லென்ஸில், மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் எடுத்தவர் அதைச் சீக்கிரம் பிடித்துவிடுவார். அந்த நாயின் படங்கள் அவருக்கு அலுக்கும். அலுத்த பிறகுதான் வெளிச்சத்தை மாற்றத் தோன்றும், பின்னணியைக் குறைக்கத் தோன்றும், நாய் அடுத்து என்ன செய்யும் என்று தெரியத் தொடங்கும். வெக்மனின் பெரிய கேமரா ஒரு தாளுக்கு ஒரு படம்தான் தந்தது, அது உருவாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காத்திருப்பை நாமே நமக்கு விதித்துக்கொள்ளலாம். தொடர்ச்சியாகச் சுடும் வசதியை அணைத்துவிட்டு.

ஆனால் இருவரின் பாடமும் செல்லாத ஒரு நாய் இந்த வட்டாரத்தில் உண்டு. ஜூரோங்கில் 1961இல் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கின. ஆலைகளும் கட்டுமானத் தளங்களும் காவலுக்கு நாய் வைத்துக்கொண்டன. இடம் மாறும்போது நாய்கள் தங்கிப்போயின. அவற்றின் வழிவந்தவைதான் துவாஸ் வரை நீளும் சாலையோரங்களில் இன்றும் தென்படும் கலப்பின நாய்கள். மக்கள் அவற்றைச் சிங்கப்பூர் ஸ்பெஷல் என்கிறார்கள். 2018 நவம்பரில் அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்யும் தேசியத் திட்டம் தொடங்கியது. பிடிபட்டவற்றில் பல காப்பகங்களுக்கு வந்து புதிய வீட்டுக்குக் காத்திருக்கின்றன. விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 2016 முதல் இயங்கும் சுங்கை தெங்கா, பூன் லேயிலிருந்து அதிகத் தூரம் இல்லை.

இந்த நாயிடம் எர்விட்டைப் போல் குரைத்தால் அது அன்று முழுவதும் கூண்டின் மூலையை விட்டு வராது. வெக்மனைப் போல் ஸ்டூலில் ஏற்றவும் முடியாது. தூக்குவதற்குத் தொடவேண்டும், தொடுவதே அதற்குப் பயம். கேமராவின் முன்பக்கக் கண்ணாடி அதற்கு உற்றுப் பார்க்கும் பெரிய கண். இங்கே தேவைப்படுவது தொலைவு. 135 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், பக்கவாட்டில் திரும்பி உட்காருவது, கேமராவைத் தரையில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பது. வேலைத்தளத்து நாய் என்றால் தினமும் மதியச் சோற்றில் ஒரு பிடி வைக்கும் ஊழியரைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். “அண்ணே, நீங்க எப்பவும் போல வைங்க, எப்பவும் போல பேசுங்க, நான் இங்கேயே இருக்கேன்” என்று சொன்னால் போதும். நாயின் காது அவர் குரலுக்கு எழும் அந்த நேரத்தில்தான் அதன் உண்மையான முகம் கிடைக்கும்.

இங்கே படத்தின் தரம் அலங்காரம் சார்ந்த விஷயமாக நின்றுவிடாது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பகங்கள் இணையத்தில் போடும் படங்களின் தன்மைக்கும் நாய்கள் தத்துப் போகும் வேகத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. மங்கலில்லாத படம், நாய் நேராகப் பார்ப்பது போன்றவை உதவின. கூண்டுக் கம்பி வழியே ஃபிளாஷ் அடித்து, கண் பச்சையாக மின்னும் படம் ஒரு நாயின் மாதங்களைத் தின்றுவிடும்.

எர்விட்டின் தரைமட்டக் கோணத்தையும் நான் இங்கே வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தின்கீழ் அந்த 62 இனங்களுக்கு விலக்காக உள்ளூர்க் கலப்பின நாயை வீவக வீட்டில் வளர்க்க முடியும். முதலில் தோள் உயரம் 50 செ.மீ., எடை 15 கிலோ என்று வரம்பு இருந்தது. 2020இல் எடை வரம்பு நீங்கியது, உயரம் 55 செ.மீ. ஆனது. அகன்ற கோண லென்ஸை நிலத்தில் வைத்து எடுத்தால் 48 செ.மீ. நாயும் ஓநாய் போல் எழுந்து நிற்கும். பார்ப்பதற்கு அருமையான படம். பூன் லேயின் நான்கறை வீட்டிலிருந்து அதைப் பார்க்கும் குடும்பம் இது நம் வீட்டுக்கு ஆகாது என்று அடுத்த படத்துக்குப் போய்விடும். மேலிருந்து எடுத்து நாயைச் சிறிதாகக் காட்டினாலும் தவறு. நேரில் வந்து பார்த்து ஏமாந்து திரும்புவார்கள். ஆகவே காப்பகத்து நாய் ஒவ்வொன்றுக்கும் முகப்படத்தோடு இன்னொரு படமும் கட்டாயம் எடுக்கவேண்டும். கேமரா நாயின் தோள் உயரத்தில், நாய் பக்கவாட்டில் நான்கு காலும் ஊன்றி நிற்க, அதை நடத்திச் செல்பவரின் முழங்கால் சட்டகத்துக்குள் வரவேண்டும். அந்த முழங்கால்தான் அளவுகோல். ஒரு காலைப் பொழுதில் ஐந்தாறு நாய்களுக்கு மேல் எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கறுப்பு நாய்களை வெயில் ஏறுவதற்குள் முதலில் எடுத்துவிடுங்கள்.